திரையில் புள்ளி, கண்ணின் மேல் பழி

1. "கண்ணைக் காட்டுங்க அங்கிள்"

எஸ்.பி. ரோட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் பார்க்கிறேன். தலை நரைத்துவிட்டது. இன்னமும் உள்ளே நுழைகிறவர்கள் என்னைப் பார்த்து, "மேடம், டெக்னீஷியன் யாரும் இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் பழகிப்போனது. பழகாத கோபம் ஒன்று இருக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக அதை எழுதிவைக்கிறேன்.

கோதண்டம் என்ற பெரியவர் அல்சூர்க்காரர். வேலை செய்த காலமெல்லாம் லாரி ஓட்டியவர். அவர் வீட்டில் நல்ல கேமிங் மெஷின் ஒன்று இருந்தது, எங்கள் கடையில் அசெம்பிள் செய்தது. ஜெர்மனியில் இருக்கும் மகன்தான் வாங்கச் சொன்னானாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பனும் மகனும் ஆன்லைனில் லாரி ஓட்டும் கேம் ஆடுவார்கள். ஆளுக்கொரு லாரி, ஒரே ரோடு, காதில் ஹெட்செட்.

ஒரு நாள் அவர் அந்த மெஷினின் கேபினெட்டை மட்டும் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்.

"கேம் ஆடசொல்ல ஸ்கிரீன் பூரா புள்ளி புள்ளியா மின்னுதும்மா. நடுவுல ஒரு செகண்டு இருட்டாயி திரும்ப வருது. கேமை மூடிட்டா ஒன்னுமில்ல. இன்னொரு விசயம், என் ஸ்கிரீனை ஷேர் பண்ணி பையனுக்குக் காட்டுனா, அவனுக்கு சுத்தமா தெரியுதாம்."

அந்தக் கடைசி வரியில்தான் விடையே இருந்தது. பேச்சில் கன்னடம் கலக்கிற என் முதலாளி ரவி சார் அதைக் காதில் வாங்கினார், ஆனால் தலைகீழாக வாங்கினார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. போனில் யார் கம்ப்ளெயிண்ட் சொன்னாலும், "சி.பி.யு மட்டும் எடுத்துட்டு வாங்க" என்போம். மானிட்டர் வேண்டாம், கேபிள் வேண்டாம். எங்கள் பெஞ்சில் இருக்கிற பழைய ஆபீஸ் மானிட்டரில், எங்கள் கேபிளைச் செருகி ஓட்டிப் பார்ப்போம். அன்றும் அப்படித்தான் நடந்தது. கேம் மணிக்கணக்காக ஓடியது, ஒரு புள்ளிகூட வரவில்லை.

"சார், அவர் வீட்டு மானிட்டரையும் கேபிளையும் கொண்டுவரச் சொல்லலாமே" என்றேன்.

"ஸ்டெல்லா, உன் டேபிள்ல இருக்கிற லேப்டாப்பை முதல்ல முடி" என்றார் ரவி சார். பெரியவர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "அங்கிள், மெஷின்ல நோ பிராப்ளம். பையனுக்கு நல்லா தெரியுது, உங்களுக்குத்தான் தெரியல. அப்ப கோளாறு எங்க இருக்கு? நீங்களே சொல்லுங்க. இந்த வயசுல சும்னே கேம் கீம்னு உக்காராம, போய்க் கண்ணைக் காட்டுங்க."

கடையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். கோதண்டத்தின் முகம் சுருங்கிப்போனது.

"ராத்திரி ரோட்ல லோடு ஏத்திக்கினு போனவன் சார் நானு. ஒரு ஆட்டுக்குட்டி மேல வண்டியை விட்டதில்ல."

"அது அப்போ அங்கிள்" என்றார் ரவி சார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தனக்கு ஃபால்ட் பிடிபடவில்லை என்று சொல்ல வாய் வராத ஒருவர், ஒரு டிரைவரின் கண்ணைக் குற்றம் சொல்லி அனுப்பிவைத்தார்.

2. மகன் நம்பியது

அடுத்த மாதம் அவர் மறுபடியும் வந்தார், அதே கேபினெட்டோடு. கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். படிக்கிற கண்ணாடியைத் தவிர வேறு ஒன்றும் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆனால் புள்ளி அப்படியே இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் சேர்ந்திருந்தது.

ரவி சார் போனில் இருந்ததால் பெரியவர் என்னிடம் சொன்னார். "உங்க கடையில சொன்னதைப் பையன்கிட்ட சொல்லித் தொலைச்சிட்டேன்மா. அவன் அதையே புடிச்சிக்கினான். உனக்குக் கண்ணு போயிடுச்சு, ஒத்துக்க மாட்டேன்ற, வண்டிய எடுக்காத, கேமையும் வுடுன்றான். டாக்டரே நல்லாருக்குன்னு சொல்லிட்டாருன்னு சொன்னா, நீ சும்மா சொல்றன்றான். மூணு வாரமா ஆன்லைனுக்கே வர்ல."

"போன்ல பேசலாமே?"

"போன்ல பேசுனா சாப்டியான்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள சண்டை வந்துரும். அவன் ஊரை வுட்டுப் போனதுலருந்தே அப்டித்தான். லாரில போசொல்லதான் ரெண்டு பேரும் பேசுவோம். ரோட்டைப் பாத்துக்கினே பேசுறதால சண்டை வராது."

இதற்குள் ரவி சார் போனை வைத்துவிட்டார். "என்ன அங்கிள், கண்ணு ஓகேவா? அப்ப கிராஃபிக்ஸ் கார்டு போயிருக்கும். பழசைக் கொடுத்துட்டுப் புதுசு போட்டுக்கோங்க" என்றார். கேபினெட்டைத் திறக்கவில்லை, கை வைத்துக்கூடப் பார்க்கவில்லை.

என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "போன மாசம் மெஷின்ல நோ பிராப்ளம்னு நீங்கதானே சார் சொன்னீங்க? இப்ப திறந்து பாக்காமலே கார்டு எப்படிப் போச்சு?" என்று கடை கேட்கக் கேட்டேன்.

"கஸ்டமர் முன்னாடி என்ன பேச்சு இது?"

"அவர் கண்ணைப் பத்தி நீங்க ஊர் முன்னாடிதானே பேசினீங்க?"

பிறகு பெரியவரிடம் சொன்னேன். "கார்டைக் கொடுக்காதீங்க. அது நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நானே வீட்டுக்கு வர்றேன். நான் வர்ற நேரத்துல உங்க பையனை எப்படியாவது ஆன்லைன்ல இருக்கச் சொல்லுங்க."

3. லாஃப்டில் இருந்து இறங்கிய கேபிள்

பூசை முடிந்ததும் விவேக் நகர் சர்ச்சிலிருந்து ஆட்டோ பிடித்து அல்சூர் போனேன். அவர் வீட்டில் மானிட்டர் மேஜை மேல் இருந்தது, கேபினெட் மேலே லாஃப்டில் இருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே வரும் வீடு என்பதால், அசெம்பிள் செய்தபோதே எங்கள் கடை ஆள் அதை மேலே ஏற்றி, நீளமான மட்டமான கேபிள் ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். மானிட்டரோடு வந்த நல்ல கேபிள் பிரிக்காமல் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

கேமைப் போட்டார். ஆமாம், புள்ளிகள். வெள்ளையும் பச்சையுமாகத் திரை முழுக்க மின்னின. கேம் அந்த மானிட்டரை 144 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 144 படம் என்ற வேகத்தில், ஓட்டியது. அதை 60-க்குக் குறைத்தேன், புள்ளிகள் காணாமல் போயின. திரும்ப ஏற்றினேன், வந்துவிட்டன. வேகத்தைக் குறைத்தால் சமாளித்தது, கூட்டினால் அந்தக் கேபிளால் தாங்க முடியவில்லை. எங்கள் பெஞ்சு மானிட்டர் 60-க்கு மேல் போகாது. அங்கே நாள் முழுக்க ஓட்டினாலும் எப்படித் தெரியும்?

மகனுக்குச் சுத்தமாகத் தெரிந்ததற்கும் இதுதான் காரணம். ஸ்கிரீன் ஷேரில் போகிற படம் கார்டிலிருந்து நேராக நெட் வழியே போகிறது, இந்தக் கேபிளைத் தொடுவதில்லை. அங்கே படம் சுத்தமாக இருந்தால் கார்டு சுத்தம். கோளாறு கேபிளில் இருக்கும், இல்லையென்றால் மானிட்டரில் இருக்கும். முதலாளி இந்த இரண்டையும் தாண்டிக் குதித்து நேராகக் கண்ணுக்குப் போய்விட்டார்.

கேபினெட்டைக் கீழே இறக்கி மேஜை மேலேயே வைத்து, பெட்டியில் கிடந்த கேபிளைச் செருகினேன். லாரி கண்ணாடி போலத் தெளிவாக ஓடியது. கோதண்டம் ஹெட்செட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"நீயே சொல்லும்மா. நான் சொன்னா நம்பமாட்டான்."

"தம்பி, நான் அந்தக் கடை டெக்னீஷியன்தான் பேசறேன்" என்றேன். "அப்பா பாத்ததெல்லாம் நிஜம். என் கண்ணாலயே பாத்தேன். கேபிள் கோளாறு, நாங்க போட்ட கேபிள். அவர் கண்ணுல ஒரு குறையும் இல்ல."

ஹெட்செட்டைப் பெரியவர் காதில் மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"சரி, சரி. சாரி எல்லாம் எதுக்குடா? வண்டிய எடு" என்றார்.

திங்கட்கிழமை முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி, பெரியவருக்கு ஒரு போன் போட்டு சாரி சொல்லச் சொன்னேன். "ஒரு கேபிளுக்குப் போய் சாரியா? பிடு ஸ்டெல்லா, விட்டுத்தள்ளு" என்றார்.

புதிதாக வருகிற பிள்ளைகளே, மானிட்டரும் கேபிளும் சேர்ந்து வரட்டும். கஸ்டமர் சொல்வதைக் கடைசி வரி வரை கேளுங்கள். உங்கள் பெஞ்சில் ஃபால்ட் வரவில்லை என்றால், உங்களுக்குப் பிடிபடவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அதை "நோ பிராப்ளம்" என்று சொல்லி அனுப்பினால், அந்த வீட்டில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறவர் ஆகிவிடுகிறார். மகன் அன்றைக்கே சாரி சொல்லிவிட்டான். எங்கள் கடை இன்னும் சொல்லவில்லை.