ஏழாம் கேள்விக்கு மூன்றாம் இலக்கம்

அந்த ஏழாவது கேள்வியை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. "வீட்டின் உரிமை: ஒன்று, குடும்பத் தலைவருக்குச் சொந்தமானது. இரண்டு, வாடகை வீடு. மூன்று, உறவினர் வீடு." இதில் ஒன்றைச் சுற்றி வட்டம் போட வேண்டும். குடும்பத் தலைவர் என்றால் கணவர் என்று அடியில் ஒரு குறிப்பு வேறு. கள ஆய்வு வினாக்கொத்தை எந்த நாட்டிலிருந்தோ எடுத்து, தமிழாக்கி, எங்கள் கையில் தந்திருந்தார்கள்.

நான் கிழக்கிலங்கைக் கடற்கரையில் உள்ள கல்முனைக்குடிக்காரி. எங்கள் பக்கம் வீடு என்பது பெண்ணுடைய வீடு. பெண் பிள்ளை பிறந்தால் அத்திவாரக் கல்லைப் பற்றிய யோசனையும் பிறந்துவிடும். கல்யாணத்துக்கு அடுத்த நாள் மாப்பிள்ளைதான் தன் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வருவார். என் வாப்பா பாதி ஆயுளுக்கு மேல் இருந்துவிட்ட வீட்டை இன்றைக்கும் "உம்மாட ஊடு" என்றுதான் சொல்வார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய பெருமையெல்லாம் தங்கச்சிமாருக்கு வீடு கட்டிக் கொடுத்ததில்தான்.

இது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். எங்கள் கம்பஸின் பொருளியல் துறைக்குத்தான் தெரியவில்லை.

அப்போது நான் இரண்டாம் வருடம் முடிக்கப் போகிற நேரம். எங்கள் கம்பஸில் நல்ல புள்ளி எடுத்த சிலரைத்தான் சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பார்கள். மற்றவர்கள் பொதுப் பட்டத்தோடு மூன்றாம் வருடம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டுக்குப் போனால் எனக்கு என்ன காத்திருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். என் பெயரில் கட்டிய வீட்டுக்கு ஓடு போட்டு, ஜன்னலுக்கு வர்ணமும் அடித்தாயிற்று. மாப்பிள்ளை மட்டும்தான் பொருத்த வேண்டியிருந்தது. சிறப்புப் பட்டம் கிடைத்தால் இன்னும் இரண்டு வருடம் படிக்கலாம் என்று வாப்பா வாக்குத் தந்திருந்தார். எனக்கு அந்த இரண்டு வருடம் வேண்டும். வெறி பிடித்தவள் மாதிரி படித்தேன்.

கடைசியாக மிஞ்சியது கள ஆய்வு. கடலரிப்பால் வீடு இழக்கும் குடும்பங்களைப் பற்றியது. எங்களுக்குப் பொறுப்பாக இருந்த விரிவுரையாளர் சேரும் எங்கள் கரையைச் சேர்ந்தவர்தான். வினாக்கொத்துகளைப் பிரித்துக் கொடுத்து ஆளுக்கொரு தெருவாக அனுப்பினார்.

எனக்குக் கிடைத்த தெருவின் கடைசி வீட்டுக்குக் குசினி, அதாவது சமையலறை, இல்லை. போன மாரியில் கடல் கொண்டு போய்விட்டது. மிஞ்சிய அறையின் சுவர் அந்தரத்தில் நின்றது. வாசலில் கணவரும் மனைவியும் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்து வைத்தார்கள். அவர் கரைவலைக்குப் போகிறவர். அவள் கருவாடு போடுகிறவள், என் மூத்த அக்காவின் வயதிருக்கும், ராத்தா என்றுதான் கூப்பிட்டேன். ஏழாவது கேள்வி வந்ததும் நான் அவரைப் பார்த்து, அண்ணனை அழைக்கிற முறையில், கேட்டேன்.

"காக்கா, இது ஒங்கட சொந்த ஊடா?"

"இல்ல தங்கச்சி, இது அவட ஊடு. நான் வந்து இரிக்கன்," என்று மனைவியைக் காட்டினார்.

வாடகையா என்று கேட்டேன். கேட்கும்போதே கூச்சமாக இருந்தது. அவர் சிரித்துவிட்டார். "பொஞ்சாதிக்கி ஆராச்சும் வாடக குடுப்பாங்களா?"

அப்படியானால் மூன்று. உறவினர் வீடு. வட்டம் போட என் கை போகவில்லை. அவள் உள்ளே போய் ஒரு சொப்பிங் பையில் சுற்றிய வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "பாருங்க தங்கச்சி, என்ட பேர்லதான் இரிக்கி. கடல் கொண்டு போனது என்ட குசினிய. அத எழுதுங்க." நான் ஓரத்தில் நீல மையால் எழுதினேன்: "வீடு மனைவியுடையது. உறுதி அவர் பெயரில்." அந்தத் தெரு முழுவதும் இதே கதை. எல்லாப் படிவத்தின் ஓரத்திலும் எழுதினேன்.

சேர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஓரத்துல எழுதினத்தக் கம்பியூட்டருக்குள்ள போட ஏலாது. இலக்கம்தான் வேணும். இதெல்லாம் அழிச்சுப்போட்டு நாளைக்கித் தாங்க. புள்ளி போடுற நேரம் இது, தெரியும்தானே."

தெரியும். நன்றாகவே தெரியும். நூலகத்தின் மூலை மேசையில் உட்கார்ந்து, எழுத்தை மறைக்கிற டிப்பெக்ஸ் வெள்ளைப் பூச்சுப் போத்தல் ஒன்றை முடித்தேன். ஒவ்வொரு ஓரத்தையும் வெள்ளையாக்கி, காயும்வரை ஊதி, மூன்றாம் இலக்கத்துக்கு வட்டம் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை. கோபப்படுகிற இடத்தில் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிறப்புப் பட்டத்துக்கு என்னை எடுத்தார்கள். வீட்டில் வட்டிலப்பம் அவித்தார்கள். அறிக்கை நல்ல தாளில் அச்சாகி, அதிகாரிகள் வந்திருந்த கூட்டத்தில் வெளியாயிற்று. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலானவை சொந்த வீடு இல்லாதவை, உறவினர் வீடுகளில் தங்கியிருப்பவை என்று அதில் இருந்தது. நான் முன் வரிசையில் இருந்து கை தட்டினேன்.

நாலாம் வருடம், ஒரு காலையில் கம்பஸ் வாசலில் அவள் நின்றாள். கையில் அதே சொப்பிங் பை. அறைச் சுவரும் போய்விட்டதாம். வீடு இழந்தவர்களுக்கு உள்பக்கத்தில் வீடு கட்ட மாற்று வளவு நிலம் கொடுக்கிறார்களாம். பட்டியலில் அவள் பெயரும் இல்லை, கணவர் பெயரும் இல்லை. கேட்டால், நீங்கள் உறவினர் வீட்டில் இருந்தவர்கள், உங்களுக்கு வீடு இழப்பு இல்லை, கம்பஸ் பிள்ளைகள் வந்து எழுதியிருக்கிறார்கள் என்றார்களாம்.

"நீங்கதானே வந்து எழுதினீங்க தங்கச்சி. என்னத்த எழுதினீங்க?"

நான் உள்ளதைச் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டாள்:

"அப்ப, நான் என்ட மாப்புளைக்கிச் சொந்தக்காரி மட்டுந்தானா?"

செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அவளை வாசல் மரத்தடியில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். துறைக் களஞ்சிய அறையில் எங்கள் படிவங்கள் ஒரு அரிசிச் சாக்கில் கிடந்தன. அவளுடையதைத் தேடியெடுத்து, டிப்பெக்ஸை நகத்தால் சுரண்டினேன். பொருக்கு உதிர உதிர நீல எழுத்து வந்தது. மங்கலாகத்தான், ஆனால் வாசிக்கலாம். பிறகு, அதோடு சேர்த்துக் கொடுக்க, வளவு கொடுக்கிற அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்: இந்தத் தெருவில் விவரம் எடுத்தவள் நான், வீடுகள் பெண்களுக்குச் சொந்தம் என்பதை எழுதிவிட்டுப் பிறகு அழித்தவளும் நானே. அதைச் சேரின் மேசையில் வைத்து, நீங்களும் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டேன். என் ஆய்வுக் கட்டுரைக்கு மேற்பார்வையாளரும் அவர்தான். அந்தக் கட்டுரை இன்னும் அவர் மேசையில்தான் கிடந்தது.

வாசித்ததும் அவர் முகம் சிவந்தது. "அறிக்கை பிழையெண்டு எங்கட கம்பஸே எழுதிக் குடுக்கிறதா? ஒனக்கு மூள பிசகிட்டா? ஒண்ட கட்டுரை என்ட கையிலதான் இரிக்கி, மறந்திராத."

எனக்குப் பயம் வரவில்லை. இரண்டு வருடமாக அடக்கி வைத்த கேள்வி வந்துவிட்டது.

"சேர், நீங்க இருக்கிற ஊடு யார்ட?"

அவர் இருக்கிறது மனைவிக்கு மாமனார் கட்டிக் கொடுத்த மாடி வீடு. அந்த ஊரில் ஒவ்வொரு ஓட்டோக்காரருக்கும் அது தெரியும்.

"என்ட ஊடுதான். வேற யார்ட?" என்றார். கண் இமைக்காமல் சொன்னார்.

கடலுக்குப் பாதி வீட்டைக் கொடுத்துவிட்டு நின்ற மனிதர், ஒரு வட்டத்துக்காகக்கூடப் பொய் சொல்லவில்லை. அது அவட ஊடு என்றார். அவரைத்தான் நாங்கள் வீடில்லாதவர் என்று அச்சடித்தோம். இவருக்கோ ஒன்றாம் இலக்கத்தில் வட்டம். என் இரண்டு வருடப் படிப்பில் இதைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் விளங்கியதில்லை.

கடிதத்தை எடுத்தேன். அவர் கையெழுத்துக்கென்று விட்டிருந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். அதன் கீழே, அவர் பார்த்துக்கொண்டிருக்க, என் முழுப் பெயரையும் பதிவிலக்கத்தையும் எழுதிக் கையெழுத்திட்டு வெளியே வந்தேன்.

அவள் மரத்தடியில் உறுதியை மடியில் வைத்தபடி இருந்தாள்.

"ராத்தா, என்ட கையெழுத்து மட்டுந்தான் இரிக்கி."

"அழிச்சது நீங்கதானே தங்கச்சி," என்று எழும்பி மண்ணைத் தட்டினாள். "ஒங்கட ஒண்டே போதும். வாங்க, ஆபீசுக்குப் போற பஸ் வரப்போகுது."