வருத்தம் தெரிவிக்காத கவர்னர்

பகவதிப்பெருமாள் பிள்ளைக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மிளகு மண்டி. நாஞ்சில் நாட்டிலிருந்து பதினாறு வயதில் வந்து மூட்டை சுமந்தவர், நாற்பது வயதில் அதே தெருவில் மூன்று குடோன் வைத்திருந்தார்.

1947 ஜூனில், திருவிதாங்கூர் சமஸ்தானம் இந்தியாவோடு சேராமல் தனி நாடாகவே இருக்கும் என்று திவான் அறிவித்தார். அதை வரவேற்று வியாபாரிகளிடம் கையெழுத்து வாங்க ஓர் அதிகாரி கடை கடையாக ஏறினார். பிள்ளை காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுவாரம் அவர் மண்டிக்கு சீல் வைத்தார்கள்.

தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டால் விலகி நடந்தார்கள். ஒரு கையெழுத்தால் என்ன குறைந்துவிடும் என்று மைத்துனர் நெல்லையப்பன் கெஞ்சிப் பார்த்தார். பிள்ளையோ வீட்டிலிருந்த சுக்கு மூட்டையைக் கொண்டுவந்து, பூட்டிய கடைக்கு நேர் எதிரே சாக்கு விரித்து விற்க உட்கார்ந்துவிட்டார். மனைவி உலகம்மை பக்கத்திலிருந்து தராசு பிடித்தாள். ஆடி முடிவதற்குள் திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர்ந்தது. மண்டி திறந்தது.

அதன்பின் வியாபாரம் கடல் தாண்டியது. டெல்லியில் ஏற்றுமதிக் குழுவொன்றில் இடம் கிடைத்தது. 1954இல், தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராடிய தெற்குத் தமிழ்த் தாலுகாக்களில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்து ஆட்கள் செத்தபோது, கண்டித்துத் தன் பெயரிலேயே பத்திரிகைக்கு ஓர் அறிக்கை எழுதினார். திருவனந்தபுரத்தில் கடை வைத்துக்கொண்டு இது தேவையா என்று பலரும் முணுமுணுத்தார்கள்.

1956 ஐப்பசியில் டெல்லியிலிருந்து நாகேஸ்வரன் என்ற அதிகாரி வீட்டுக்கு வந்தார். வடக்கே ஒரு மாநிலத்துக்குப் பிள்ளையைக் கவர்னராக்கப் பேச்சு நடப்பதாகச் சொன்னார். பிள்ளைக்கு ஆசை இல்லாமல் இல்லை. மூட்டை சுமந்த தோள் ஒரு கணம் நிமிர்ந்தது.

"ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்கோ, போறும். அந்த அறிக்கை அவசரத்தில வந்ததுன்னு" என்றார் நாகேஸ்வரன்.

"அதிலே ஒரு பொய் இருந்தாக் காட்டுங்க, வருத்தப்படுதேன். செத்தவனுக்காக எழுதினதை நான் அழிக்க மாட்டேன். ஒங்க பதவி ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

நாகேஸ்வரன் காப்பியைக் குடித்து முடித்தார். இதை அப்படியே மேலே எழுதலாமா என்று கேட்டார். ஒரு சொல் குறையாமல் எழுதுங்கள் என்றார் பிள்ளை.

ஒரு மாதம் தகவல் இல்லை. வந்த லட்சுமியை விரட்டிய மனிதர் என்று கடைத்தெரு சிரித்தது. நெல்லையப்பனும் சேர்ந்து சிரித்தார். கார்த்திகைக் கடைசியில் நியமன உத்தரவு வந்தது. நாகேஸ்வரன் எழுதியதைப் படித்த யாரோ, இப்படி ஒருவர்தான் வேண்டும் என்றாராம்.

புறப்படும் நாளில் தம்பானூர் ரயில் நிலையத்தில் மாலைகளோடு கூட்டம் காத்திருந்தது. பிள்ளை அங்கே போகவில்லை. உலகம்மையைக் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே, கல்குளம் பக்கம் ஒரு குடிசைக்குப் போனார். துப்பாக்கிச்சூட்டில் மகனை இழந்த பிச்சம்மாள் கண்ணை இடுக்கிக்கொண்டு, யாரென்று கேட்டாள்.

"ஒங்க மகனைப் பத்திப் பேப்பர்ல எழுதினவன், அம்மா. வடக்கே வேலைக்குப் போறேன். சொல்லிட்டுப் போக வந்தேன்."

ரயிலை மறுநாள்தான் பிடித்தார்.