என் நாத்தனார் பார்த்த பேஷன்ட்

நாத்தனார் என்றதும் முகம் சுளிப்பவர்கள் என் நாத்தனாரைப் பார்த்ததில்லை. தம்பியைப் படிக்கவைத்து, கல்யாணமும் பண்ணிவைத்துவிட்டு, இன்னும் நைட் டியூட்டிக்குப் போகிற நர்ஸ் அவர். எங்கள் வீட்டில் எது மக்கர் செய்தாலும் அவருக்குத்தான் போன் போடுவோம்.

அன்று கம்ப்யூட்டரில் ஒரு வெப்சைட்கூடத் திறக்கவில்லை. எதைத் தட்டினாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று மறித்தது. என் கணவர் வயரையெல்லாம் பிடுங்கிச் சொருகி வேர்த்துப்போயிருந்தார்.

டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்த நாத்தனார் எதையும் தொடவில்லை.

"எப்பலேர்ந்துடா இப்படி? அதுக்கு முன்னாடி என்ன பண்ணே?"

"ஒண்ணுமே பண்ணலைக்கா."

"எல்லா பேஷன்ட்டும் இதைத்தான் சொல்லுவாங்க" என்றவர், திரையின் மூலையைப் பார்த்தார். தேதி அடுத்த வருஷத்தில் நின்றது. "தேதி தப்பா இருந்தா சைட்டு எப்படித் திறக்கும்? யார் மாத்தினது?"

அவர் தேதியைச் சரிசெய்ததும் பக்கங்கள் மளமளவென்று திறந்தன. என் கணவர் திருதிருவென்று விழித்தார்.

"ஒரு நாள் என்ன கிழமைன்னு பார்க்க மாத்தினேன். திருப்பி வைக்க மறந்துட்டேன்."

"அதுக்குக் காலண்டர் இல்லையா?" என்று எகிறினேன் நான்.

"அடுத்த வருஷக் காலண்டர் இன்னும் வரலையே."

"அப்படி என்ன பெரிய நாள்?"

அவர் அக்காவைப் பார்க்காமலே சொன்னார்: "அக்கா ரிட்டயர் ஆகுற நாள். மறுநாள் லீவு போட்டு, பெட்டியோட நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடணும்."

நாத்தனார் மவுஸைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"என்ன கிழமைடா வருது?"