சொன்னபடி கேட்டவள்

பனியன் கையைப் பாதி தைத்த நிலையில் சித்ராதேவி எழுந்து ஓடினாள். அடுத்த மிஷினில் அந்தக் கைக்காகக் காத்திருந்த முனீஸ் கத்தினான்.

"அக்கா, பாத்ரூம்லயே ஒரு ஓவர்லாக் மிஷின் போட்ருவமா?"

திரும்பி வந்தபோதும் மற்றவர்களின் சிரிப்பு அடங்கவில்லை. அவளும் சிரித்து வைத்தாள். மறுபடி ரத்தம் போயிருந்தது.

மிஷின்கள் வரிசையாக இருக்கும் பவர் டேபிளில் ஒருத்தர் தைத்தால்தான் அடுத்தவருக்குத் துணி. ஒருத்தர் எழுந்தால் எல்லோர் கூலியும் குறையும். கல்யாணமாகி உசிலம்பட்டியிலிருந்து இந்த ஊருக்கு வந்த நாளாக அவளுக்கு இந்த வேலைதான். பெருங்குடலில் புண் என்று போன வருடம் தெரிந்தது. மாத்திரையில் ரத்தம் நின்றது. நடுவில் எழுந்திருக்கும் பயம் நிற்கவில்லை. வயிறு காலியாக இருந்தால் போக வேண்டியிராது என்று காலையும் மதியமும் சாப்பிடுவதை விட்டாள். மாத்திரை சாப்பாட்டுக்குப் பின் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாப்பாடு இல்லை, எனவே மாத்திரையும் இல்லை. இரவு வேளைக்கு உள்ளதை மட்டும் தவறாமல் போட்டாள்.

அதே கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கும் செல்லத்தாய் பக்கத்து வீட்டுக்காரி, அவளும் உசிலம்பட்டிக்காரி. டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே வீடு திரும்புவதைப் பார்த்துவிட்டு, மறுநாள் இருவருக்கும் லீவு சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

"கொடலை வெட்டி, வெளிய போறதுக்கு வயித்துல பை மாட்டி விட்ருவாகளாம்க்கா" என்றாள் சித்ராதேவி.

"ஏன்டி, நீதேன் டாக்டரா? சும்மா கெட."

டாக்டர் மோனிஷா குன்னத்தூர்ப் பெண். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து முடித்து, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மாத்திரைய ஏனுங்க விட்டீங்க?"

"சோறு திங்கலைங்களே. வெறும் வயித்துல எப்படிப் போடுறது?"

டாக்டர் அவளையே பார்த்தார். "நல்லானதும் நிறுத்தினவங்க உண்டு. மொகம் ஊதுதுன்னு நிறுத்தினவங்களும் உண்டு. சொன்னபடி கேட்டு நிறுத்தினது நீங்க ஒருத்தர்தானுங்க."

"அவ அப்படித்தேங்க" என்றாள் செல்லத்தாய். "உக்காருன்னா உக்காருவா. எந்திரின்னு சொல்ல மறந்தா அங்கனயே கெடப்பா."

"வெட்டணுங்களா?" என்று கேட்டாள் சித்ராதேவி.

"எதுக்குங்க? புண்ணு அடிப்பக்கம் கொஞ்சந்தான், ஆறிப்போகும். பட்டினி கெடந்தா மட்டும் வெளிய போறது நிக்காதுங்க. நல்லா சாப்பிடுங்க. மூணு வேளை மாத்திரையையும் ராத்திரி ஒண்ணா போட்டுக்கலாம். ஒருநாள் சாப்பிடலைன்னாலும் மாத்திரைய விட்றாதீங்க."

வெளியே வந்ததும் சித்ராதேவிக்குப் பசித்தது. எதிரே இருந்த கடையில் இட்லி சாப்பிட்டாள். பிறகு இன்னொரு தட்டு கேட்டாள். கண்ணில் நீர் வந்தது. சட்னி காரம் என்றாள். செல்லத்தாய் தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் வேலைக்குப் போனாள். காலையில் தோசை, மதியம் தயிர்சாதம். இரண்டு முறை எழுந்து போனாள். துணி கொஞ்சம் தேங்கியது. சாயங்காலத்துக்குள் தைத்து முடித்தார்கள். மழை பெய்ததால் பஸ்ஸில் வந்தாள். இரவு சாப்பிட்டு, மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு படுத்தாள்.