கதைக்கு ஏற்றிய சூடம்

மலைமேல் பல ஊர்கள் சேர்ந்த குண்டூர் நாட்டில் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தபோது நான் செய்த காரியம் இது. ஓய்வு பெற்ற இந்த வயதில் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாயக்கதை நடத்தினேன். சூனியக்காரி ஒருத்தி மந்திரம் போட்டு ஒரு நாட்டின் ஊற்றை வற்றவைக்கிறாள். அவளை வகுப்பிலேயே விசாரிக்கலாம் என்றேன். நான் நீதிபதி, வகுப்பில் நன்றாக வாசிக்கும் பெண்தான் சூனியக்காரி. இந்த மலையில் வழக்கு என்று வந்தால் எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வார்கள். நிஜம்போல இருக்கட்டும் என்று மேசைமேல் தட்டு வைத்துச் சூடம் ஏற்றினேன். அந்த யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சாட்சிகளாக நடித்தவர்கள் அணைத்தார்கள். அவள் முறை வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கதையில அவதானுங்க சார் வத்த வெச்சா. இல்லீன்னு நான் எப்படிங்க சூடம் அணைக்கறது?"

"நாடகந்தானே கண்ணு, அணை."

"வேண்டாங்க சார்."

"சூனியக்காரிக்குக் கை சுடுமாமுங்க சார்!" என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன். வகுப்பே சிரித்தது. மணியடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. "சத்தியம் செய்ய மறுத்ததால் இவள் குற்றவாளி. நாட்டை விட்டுப் போகவேண்டும்" என்று டஸ்டரால் மேசையைத் தட்டினேன். கைதட்டல்.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க சார், எம்புள்ள எந்த ஊத்தைங்க வத்த வெச்சா?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அந்தக் கோடையில் அவர்கள் ஊர் ஊற்று வற்றியிருந்தது. இந்தக் குடும்பம் ஏதோ செய்துவிட்டது என்று முன்பே முணுமுணுப்பு உண்டாம். "இப்ப புள்ளைங்க ஊட்டுல போயிச் சொல்லீருச்சுங்க, இவ சூடம் அணைக்க மாட்டேன்னுட்டா, வாத்தியாரே தீர்ப்புச் சொல்லீட்டாருன்னு. ஒருத்தரும் எங்களத் தண்ணி மொள்ள உடறதில்லீங்க."

 

அன்று மாலையே அவர்கள் ஊருக்குப் போனேன். ஊர் வழக்கைத் தீர்க்கும் ஊர்க்கவுண்டர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"கதைன்னா சூடம் எதுக்குங்க சார் ஏத்துனீங்க?"

"நிஜம்போல இருக்கட்டும்னுதாங்க" என்றேன்.

"சரிங்க. அது வெளையாட்டுதான், புள்ள மேல தப்பில்லீன்னு நீங்க ஒருக்கா அணைச்சுச் சொல்லீருங்க. ஊரு கேட்டுக்கும்."

சூடம் வந்தது. ஏற்றினார்கள். அந்தப் பெண் அம்மாவின் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிறிஸ்தவன், என் தகப்பனார் சபையில் உபதேசியார். "எங்க சபையில இதுக்கு எடமில்லீங்க" என்று சொல்லிவிட்டேன். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. வகுப்பில் என் கையாலேயே தீக்குச்சி கிழித்தபோது சபை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. சூடம் தானாக எரிந்து முடியும்வரை எல்லோரும் அதையே பார்த்து நின்றார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், மெதுவாக: "வாத்தியாருக்கே தெரியுது பாருங்க."

மறு வாரம் அவள் அம்மா மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்களாம். அங்கே அவளைப் பள்ளியில் சேர்ப்பீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வகுப்பாசிரியர் நான்தான். விலகும் காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.