எண்ணெய் தடவாத அரிவாள்

நாலாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு புலனாய்வு அதிகாரி. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் எங்கள் வீட்டுப் பலாப்பழம் காணாமல்போன வழக்கை ஒரே பகலில் முடித்தவள் நான்தான்.

எல்லாம் அப்பாவின் தங்கையான என் அத்தையால் வந்தது. எங்கள் ஊரின் ஒரே ஜீப்பில் திருப்பத்தூருக்குத் தையல் வகுப்புக்குப் போகிறவள், சிக்னல் கிடைக்கும் அந்த ஊரிலேயே ஒரு தொடரைப் போனில் இறக்கிக்கொண்டு வருவாள். இருவரும் தலையோடு தலை முட்டப் பார்ப்போம். அதில் தில்லியிலிருந்து துப்புத் துலக்க வரும் மத்திய அரசு அதிகாரி, ஒரு பெண். யாரையும் அதட்டமாட்டாள், யாரையும் விடவும் மாட்டாள். எனக்கு அவள்மேல் பைத்தியம்.

முதல் பலாப்பழத்தைச் சாமிக்கு வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் மற்ற பழங்களில் கை வைப்போம். அப்படிச் சாமிக்கென்று விட்டிருந்த பழத்தை ஒருநாள் காலையில் மரத்தில் காணோம். மறுநாள் பூசை. பூசை முடிந்ததும், அத்தையைப் பெண் கேட்டிருந்த சந்தவாசல்காரர்களுக்கு அப்பா வாக்குக் கொடுப்பதாக இருந்தது. அப்பாவுக்கு எதிரே அத்தை நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"சாமி பழமே போச்சி, எந்த மூஞ்சிய வச்சிக்கினு நல்ல காரியம் பேசறது" என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தை என் காதருகே குனிந்தாள். "உன் ஆபீசரம்மாவா இருந்தா இப்போ இன்னா பண்ணுவாங்க?"

கேட்கவேண்டுமா? அப்பாவின் சட்டையைக் கோட்டாக மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டு அரிவாள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அத்தையின் தையல் மெஷினுக்கடியில் கிடந்ததைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. பலாப் பால். அத்தையைப் போய் எப்படிக் காட்டிக்கொடுப்பது? ஆனால் தொடரில் அதிகாரி தன் சொந்த அண்ணனையே பிடித்துக் கொடுத்தவள். கடமை கடமைதான்.

மலையிலிருந்து எது இறங்கினாலும் ஜீப்பில்தான் இறங்கும். சாயங்காலம் ஜீப் வந்து நின்றதும் பின்சீட்டைத் தடவினேன். அதே பிசுக்கு. ஊர் சனம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அப்பாவை இழுத்துவந்து அறிவித்தேன்: "பழத்த அறுத்தது அத்தை. எடுத்துக்கினு போனது இந்த டிரைவர் மாமா."

டிரைவர் மறுக்கவில்லை. "ஆமாங்கண்ணா. எங்க வூட்டுலதான் பத்திரமா இருக்குதுங்க, வெட்டல. எங்கம்மாவோட வந்து உங்க கையில குடுத்து, பொண்ணு கேக்கலாம்னு..." மீதியைச் சொல்லாமல் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இன்னாம்மா இது?" என்றார் அப்பா. அத்தை தரையைப் பார்த்தபடி, "ஆமாண்ணா" என்றாள்.

அப்பா தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு, "வாயத் தொறந்து சொல்லியிருந்தா நானு கடிச்சா தின்னுட்டிருப்பேன்?" என்று முணுமுணுத்தார். டிரைவரிடம், "காலைல அம்மாவ கூட்டியா. பழம் பத்திரம்" என்றார்.

சந்தவாசலுக்கு வேறு பதில் போனது. சாமிக்கு வைத்ததுபோக மீதிச் சுளைகளை நான் வயிறு புடைக்கத் தின்றேன். கல்யாணத்தில் வந்தவர் போனவரிடமெல்லாம், "நான்தான் கண்டுபிடிச்சேன்" என்று பீற்றிக்கொண்டேன். அத்தையும் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

போன வைகாசியில் முதன்முதலாக நானே பலாப்பழம் வெட்ட உட்கார்ந்தேன். பால் ஒட்டாமலிருக்க அரிவாளில் எண்ணெய் தடவும்போது கை அப்படியே நின்றுவிட்டது. எண்ணெய் தடவாமல் எங்கள் மலையில் யாரும் பலாவில் அரிவாள் வைப்பதில்லை. சின்ன வயதிலிருந்து பலா அறுத்த அத்தை அன்றைக்கு மட்டும் எப்படி மறந்தாள்? துடைக்கக்கூடச் செய்யாமல், அதைத் தன் மெஷினுக்கடியிலேயே ஏன் போட்டாள்?

உடனே அவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"இப்பத்தான் கேசு முடிஞ்சிதா, ஆபீசரம்மா?"