கிளுவைக்கால் பலகை

வள்ளியாத்தாளின் அப்பா செங்கோட்டையன் மகள் வீட்டுக்கு வருவார், ஆனால் உட்கார மாட்டார். வாசலில் தடியை ஊன்றி நின்றபடியே எருமையைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், மருமகன் கந்தப்பனிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். மோர் கொடுத்தால் நின்றுகொண்டே குடிப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும், "இப்பத்தான் தின்னுட்டு வந்தேன் சாமி, வவுறு திம்முனு இருக்குது" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடுவார்.

"ஒங்கய்யனுக்கு எங்கூட்டுச் சோறு எறங்காதாட்ட இருக்குது" என்பாள் மாமியார் காளியாத்தாள்.

வள்ளியாத்தாள் மோர்ச் சொம்பைக் கழுவப் போய்விடுவாள். அவளுக்குக் காரணம் தெரியும். அப்பா பெரிய கவலைக்காரர், மாடு பூட்டிக் கவலை இறைக்கிறவர். கிணற்றிலிருந்து தோல் பறியில் தண்ணீரை இழுத்துக்கொண்டு மாடுகள் சரிவில் இறங்கும்போது, அந்த வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே போவார். ஒரு நாள் வடம் அறுந்தது. விழுந்ததில் வலது முழங்கால் நொறுங்கி, பிறகு மடங்கவே இல்லை. வள்ளியாத்தாளின் கலியாணப் பந்தியில் எல்லோரோடும் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுப்ப இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். அன்றோடு மகள் வீட்டில் அவர் கை நனைக்கவில்லை. கயிற்றுக் கட்டில் இருந்தது. ஆனால் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் சீக்காளி என்பது அவர் எண்ணம்.

இதை மாமியாரிடம் சொன்னால் அப்பாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். மாரியம்மன் நோம்பி வந்துகொண்டிருந்தது. அப்பா அன்றைக்காவது இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட வேண்டும். அதற்கு, அவர் தன் வீட்டில் உட்காருகிற கல்லின் உயரத்துக்கு இங்கே ஒரு பலகை வேண்டும்.

அப்போது மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். கை வேலை தெரிந்தவர்களில் பாதிப் பேர் அங்கே போயிருந்தார்கள். மிச்சமிருந்த ஆசாரி, "உழவுக்கு முன்னால கலப்பைங்க அம்மிணி. பலகையெல்லாம் ஆடிக்கு மேலதான்" என்றுவிட்டார்.

சரி, நாமே செய்வோம் என்று வள்ளியாத்தாள் ஒரு வேப்பங்கட்டையைப் பிளந்தாள். உளி கிடையாது. கடப்பாரை நுனியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பலகையின் மூலைகளில் வைத்து அழுத்தித் துளை போட்டாள். புகையில் கண் எரிந்தது. துளைக்கொரு காலாகத் தட்டி இறக்கி, நிமிர்த்தி வைத்தாள்.

கந்தப்பன் காட்டிலிருந்து வந்து அதைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"ஏ புள்ள, இப்பத்தான் போட்ட கன்னுக்குட்டி நிக்கறாப்புல நிக்குதே!"

"உக்காந்து பாருங்க, பொறவு பேசுங்க."

உட்கார்ந்தான். நாலு காலும் நாலு திசைக்குப் போயின. கந்தப்பன் மல்லாந்து கிடந்தான். காளியாத்தாள் கொண்டை அவிழ்ந்து தொங்கச் சிரித்தாள். விழுந்தவனும் சிரித்தான். வள்ளியாத்தாளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அப்பாவைப் பார்த்து எழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும், சிதறிய கால்களைப் பொறுக்கி அடுப்பில் போட்டாள்.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் அதன் காலைத்தான் பார்த்தாள். ஆட்டின் கால், கட்டிலின் கால், கலப்பையில் கைப்பிடி நிற்கிற விதம். கடைசியில் வேலியருகே எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது யோசனை வந்தது. வேலிக் கம்பு ஆடுகிறதா? ஆடாது. மண்ணுக்குள் நிற்கிற கால் எப்படி ஆடும்?

வேலியில் பருத்துக் கிடந்த கிளுவையில், நுனி கவையாகப் பிரிந்த நாலு கட்டைகளாகப் பார்த்து வெட்டினாள். கையெல்லாம் முள். வாசலோரம் வேப்ப நிழலில் குழி பறித்து, கவை மேலே வர நட்டு, மண்ணைப் போட்டு மிதித்தாள். கவைகளுக்குள் இந்தப் பக்கம் ஒரு குறுக்குக் கட்டை, அந்தப் பக்கம் ஒன்று. பந்தல் போடத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை. அவற்றின் மேல் பழைய வண்டியின் நீளமான அடிப்பலகை. இந்தத் தடவை பலகையையும் குறுக்குக் கட்டையையும் சேர்த்துத் துளை போட்டு, அதில் மூங்கில் ஆப்பு இறக்கினாள். ஆப்பைக் கொஞ்சம் பெரிதாகவே சீவி அடித்தால் பிடித்துக்கொள்கிறது என்பதை ஏழெட்டு ஆப்புகளை ஒடித்த பிறகு கண்டுகொண்டாள். பலகையை ஓட்டாஞ்சில்லால் சுரண்டி, செங்கல் பொடி போட்டுத் தேய்த்து, விளக்கெண்ணெய் பூசினாள்.

கந்தப்பன் இந்தத் தடவை ஒரு கையால் வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தான். பலகை அசையவில்லை. மரத்தை விட்டான். குதித்தும் பார்த்தான்.

"அட! ஆனா இத ஊட்டுக்குள்ள எப்படிக் கொண்டு போவ?"

வள்ளியாத்தாள் அதை யோசிக்கவே இல்லை.

நோம்பி அன்று செங்கோட்டையன் வந்தார். தடியை ஊன்றி நின்றார். எருமையைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் பலகையையும் பார்த்தார்.

"இதேது சாமி?"

"சும்மா போட்டதுங்கப்பா. சித்த உக்காருங்க."

மெல்ல உட்கார்ந்தார். மடங்காத கால் நீட்டியபடி நின்றது. மற்றது தரையைத் தொட்டது. உயரம் அளவெடுத்தது போல இருந்தது. அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார்.

காளியாத்தாள் இலையோடு வந்தாள். வந்தவள் நின்றாள்.

"ஏனுங்கண்ணா, எலைய எங்க போடறது?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அது எங்கோ கீழே கிடந்தது. உட்காருவதற்கு உயரம் பார்த்த வள்ளியாத்தாள் கைக்கு எட்டும் தூரம் பார்க்கவில்லை. அப்பா இப்போது எழுந்துவிடுவார், வயிறு நிறைந்திருக்கிறது என்பார், போய்விடுவார்.

செங்கோட்டையன் எழத்தான் செய்தார். ஆனால் தடியை எடுக்கவில்லை. திரும்பி நின்று, நல்ல காலைத் தூக்கிப் பலகைக்கு அந்தப் பக்கம் போட்டார். குதிரை மேல் உட்காருவது போல, இல்லை, கவலை வடத்தின் மேல் உட்காருவது போல ஏறி உட்கார்ந்து, முன்னால் நீண்டு கிடந்த பலகையைத் தட்டினார்.

"இங்க போடு தங்கச்சி. மாப்ள, நீங்க அந்தக் கடைசில ஏறிக்குங்க."

"பலகை எச்சலாப் போகுமுங்களே?" என்றாள் காளியாத்தாள்.

"கழுவுனாப் போகுது. இது அறுந்து போற வடமில்ல, பயப்படாத."

கந்தப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஏறினான். இரண்டு இலைகளும் முனையோடு முனை தொட்டுக் கிடந்தன. சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது, நெய் விழுந்தது. செங்கோட்டையன் முதல் உருண்டையை வாயில் போடுமுன், "ஓ... ஓ... ஏய்!" என்று கவலை மாட்டை ஓட்டுகிற குரலில் ஒரு சத்தம் கொடுத்தார். தொழுவில் எருமை திடுக்கிட்டுத் திரும்பியது. காளியாத்தாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, குழம்பைக் கந்தப்பன் கையில் ஊற்றிவிட்டாள். செங்கோட்டையனும் சேர்ந்து சிரித்தார். வள்ளியாத்தாள் அரிசிச் சோற்றை இன்னொரு முறை போட்டாள், அவர் தடுக்கவில்லை. ரசத்துக்கும் வாங்கினார், மோருக்கும் வாங்கினார்.

அதன் பிறகு வள்ளியாத்தாளின் கை சும்மா இருக்கவில்லை. கோழிக்கூடு செய்தாள். பானை வைக்கக் கவைத் தாங்கி செய்தாள். உப்புக்கு ஒரு பெட்டி செய்தாள். அதன் மூடி கடைசி வரை மூடவே இல்லை, அதன் மேல் ஒரு கல்லை வைத்தே காலம் ஓட்டினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, "எப்படி அம்மிணி துளை போட்டே?" என்று கேட்டால், வாயால் சொல்லத் தெரியாமல் கடப்பாரையைக் காய்ச்சிக் காட்டுவாள்.

வைகாசி மழைக்குப் பிறகு ஒரு காலை கந்தப்பன் வாசலிலிருந்து கத்தினான்: "புள்ள, ஒன்ற பலகை தழஞ்சிருக்குது, வந்து பாரு!"

நாலு காலிலும் பச்சைத் தளிர், கூடவே முள். பச்சைக் கிளுவையை ஈர மண்ணில் நட்டால் வேர் விடும் என்பது அவளுக்குத் தெரியாதா? பலகை என்று நினைத்ததில் மரம் என்பதை மறந்துபோனாள்.

"பேத்து எறிஞ்சிட்டு வேற கால் போடலாமா?" என்றான் கந்தப்பன்.

"அதையும் நானே போட்டுத் தொலைக்கறேன், ஆனா சித்த இருங்க" என்றாள்.

அந்த வாரமே, நோம்பியும் இல்லாமல் விசேஷமும் இல்லாமல், செங்கோட்டையன் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் பலகைக் கால்களில் தளிரைப் பார்த்துவிட்டு இடுப்பிலிருந்து சூரிக் கத்தியை எடுத்தார். நாலு காலையும் சுற்றிச் சுற்றி வந்து தளிரைச் சீவி ஆட்டுக்குப் போட்டார். பிறகு காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இன்னிக்கு என்ன கொளம்பு?"

"கொள்ளுப் பருப்புத்தானுங்கண்ணா. சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதுங்களா?"

"கொள்ளுக்கென்ன, கொண்டா" என்றார் அவர்.